வண்டி அவர் ஓட்டினார், அபராதம் என் பெயரில் வந்தது

"தம்பி, முல்க்கியா இந்த மாசத்தோட முடியுது. உங்க எமிரேட்ஸ் ஐடியை ஒரு நாள் குடுத்தீங்கன்னா பாஸிங் முடிச்சிட்டு வந்துடுறேன்."

வியாழக்கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் பண்ணினார். சொந்த அண்ணன் இல்லை. பரமக்குடிக்காரர், துபாயில் ஏசி மெக்கானிக். நான் முதன்முதலில் இங்கே வந்து சத்வாவில் பெட் ஸ்பேஸில் தங்கியபோது மேல் கட்டிலில் இருந்தவர். எனக்கு வேலை கிடைக்காத இரண்டு மாதம் மெஸ் காசு கேட்காமல் சோறு போட வைத்தவர். இன்று நான் குடும்பத்தோடு கிசைஸில் இருக்கிறேன். அவர் இன்னும் அதே சத்வாவில்தான்.

வெளிநாட்டில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். முல்க்கியா என்பது நம்ம ஊர் ஆர்.சி. புக் மாதிரி. ஆனால் இங்கே வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புது கார் என்றால் முதல் மூன்று வருடத்துக்கு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சோதனை மையத்தில் நிறுத்தி பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்து 'பாஸ்' ஆக வேண்டும். அதைத்தான் நம்ம ஆட்கள் பாஸிங் என்பார்கள். இன்சூரன்ஸ் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வண்டியின் மேல் இருக்கும் அபராதம் மொத்தமும் கட்டியிருக்க வேண்டும். ஒரு ரூபாய் பாக்கி இருந்தாலும் கார்டு வராது.

நான் பெரிய கார் வாங்கியபோது என் பழைய நிசான் சன்னியை அண்ணனுக்குக் கொடுத்தேன். விலை 9,000 திர்ஹாம். மாதம் 750 வீதம் பன்னிரண்டு தவணை. "முழுசும் கட்டி முடிச்சதும் உங்க பேருக்கு மாத்திக்கலாம் அண்ணே" என்றேன். அவரும் சரி என்றார். எங்களுக்குள் என்ன எழுத்து, என்ன கையெழுத்து? பத்து தவணை தேதி தவறாமல் வந்துவிட்டது.

ஐடியைக் கொடுப்பதற்கு முன், சும்மா பார்ப்போமே என்று துபாய் போலீஸ் செயலியைத் திறந்து வண்டி நம்பரைப் போட்டேன். திரையில் ஒரு பட்டியல் வந்தது. விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு பார்க்கிங், சாலிக் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினேன்.

அபுதாபி ரேடாரில் 300 திர்ஹாம் வீதம் ஆறு. 600 வீதம் இரண்டு. ஷார்ஜா பார்க்கிங் 150 வீதம் ஆறு. சாலிக் கணக்கில் காசில்லாமல் டோல் கேட்டைத் தாண்டியதற்கு 50 வீதம் ஏழு. மொத்தம் 4,250 திர்ஹாம். இருபத்தோரு அபராதம், பதினோரு மாதத்தில்.

அண்ணனின் சம்பளம் 2,800.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "இவ்வளவு வருஷமா இங்க இருக்கார், ரேடார் எங்க இருக்குன்னு தெரியாதா?" என்று மனைவியிடம் கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஃபைன் விழுந்தா மெசேஜ் வருமே, உங்களுக்கு வரலையா?"

வந்திருக்கும். ஆனால் என் கைக்கு வரவில்லை. வண்டியைக் கொடுத்து இரண்டு மாதத்தில் நான் கம்பெனி மாறினேன். பழைய கம்பெனி கொடுத்த சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வண்டிப் பதிவிலும் சாலிக் கணக்கிலும் இருந்தது அந்த நம்பர்தான். வங்கியில் மாற்றினேன், எமிரேட்ஸ் ஐடியில் மாற்றினேன், பிள்ளையின் பள்ளியில் மாற்றினேன். வண்டியில் மாற்றவில்லை. ஏனென்றால் என் மனதில் அது என் வண்டியே இல்லை. இருபத்தோரு குறுஞ்செய்தியும் யாரோ ஒருவருடைய போனில் போய் விழுந்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் கராமாவில் ஒரு சாயா கடையில் உட்கார்ந்து அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளை மட்டும் பார்த்தார். பேசவே இல்லை. அப்புறம், "இது தங்கச்சி மகன் பொறந்தநாளு... இது பெருநாளுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை..." என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஷார்ஜா ரோலா பக்கம் அவர் தங்கை குடும்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது அவர் வழக்கம்.

அங்கேதான் முதல் சிக்கல். துபாயில் ஞாயிற்றுக்கிழமை தெருவோரப் பார்க்கிங் இலவசம். ஷார்ஜாவில் இலவச நாள் வெள்ளிக்கிழமை. ஞாயிறு காசு கட்ட வேண்டிய நாள். அதிலும் நீலப் பலகை வைத்த இடங்களில் வெள்ளிக்கிழமையும் கட்ட வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு சிக்னல்தான் தூரம். துபாய்ப் பழக்கத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக நிறுத்திவிட்டுப் போய் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். ஆறு ஞாயிறு, 900 திர்ஹாம். கண்ணாடியில் சீட்டு ஏதும் வைக்கவில்லையா என்றேன். "விளம்பரச் சீட்டு மாதிரி இருந்துச்சு தம்பி, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அது அபராதச் சீட்டா, மசாஜ் கார்டா, எனக்கும் தெரியாது. ரோலாவில் வண்டி நிறுத்தியவர்களுக்குப் புரியும்.

இரண்டாவது சிக்கல் அபுதாபி. சனிக்கிழமைகளில் அவருக்கு முசஃபாவில் கூடுதல் வேலை. நாள் முடிந்தால் கையில் காசு. அதற்குத்தான் வண்டியே வாங்கினார். துபாயில் பலகையில் 100 என்று இருந்தால் 120 வரை கேமரா கண்டுகொள்ளாது. இருபது கிலோமீட்டர் சலுகை உண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அபுதாபியில் அந்தச் சலுகையை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே பலகையில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் எல்லை. 100 என்றால் 101லேயே ரேடார் அடிக்கும். எல்லையைத் தாண்டி இருபது கிலோமீட்டர் வரை 300 திர்ஹாம், முப்பது வரை 600.

"115லதான் போனேன் தம்பி. கூட வர்றவனும் அப்படித்தான் போறான்னு போனேன்." ஆறு 300ம் இதே கதை. இரண்டு 600 மட்டும் அவசரத்தில் உண்மையிலேயே வேகமாகப் போனது. அதை அவரே ஒத்துக்கொண்டார்.

பட்டியலை முழுவதும் பார்த்து முடித்த பிறகு, கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை.

"ஒண்ணு வந்தப்பவே தெரிஞ்சிருந்தா அடுத்தது வந்திருக்காதே தம்பி."

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான். அபராதம் என்பது தண்டனை மட்டும் இல்லை, ஒரு தகவலும்கூட. "இந்த ஊரில் இப்படிச் செய்யாதே" என்று சொல்லும் தகவல். முதல் 300 திர்ஹாம் அவர் கண்ணில் பட்டிருந்தால், அபுதாபியில் சலுகை இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை 150 தெரிந்திருந்தால் மற்ற ஐந்து ஞாயிறும் தப்பித்திருக்கும். அந்தத் தகவல் என் பழைய சிம்மில் போய் நின்றுவிட்டது. தப்பு செய்தவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவன் பார்க்கவில்லை.

நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம், "ரெனியூவல் நேரத்துல மொத்தமா பார்த்துக்கலாம்" என்று? நானே என் சொந்த வண்டிக்கு அப்படித்தான் இருந்தேன். கரன்ட் பில்லை மாதாமாதம் பார்க்கிறோம், ஊருக்குப் பணம் அனுப்ப ரேட்டை மணிக்கு மணி பார்க்கிறோம். இதை மட்டும் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் கவுன்ட்டரில் ஆள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம்.

சரி, கட்டினது எவ்வளவு? இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அபுதாபியில் அபராதம் விழுந்து 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம் தள்ளுபடி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் கட்டினால் 25 சதவீதம். பெரிய குற்றங்களுக்கு இது கிடையாது. அபுதாபியின் டாம் செயலியில் பார்த்தபோது தள்ளுபடி கழிந்தே காட்டியது. எங்கள் 3,000ல் இரண்டு 300 மட்டுமே 60 நாளுக்குள் இருந்தது. அதில் 210 குறைந்தது. மீதி 2,400ல் 600 குறைந்தது. ஆக 2,190. பார்க்கிங்கும் சாலிக்கும் சேர்த்து 3,440 திர்ஹாம். ஷார்ஜா போலீஸ் அபராதங்களுக்கும் 2023லிருந்து இதே மாதிரி 35, 25 என்று தள்ளுபடி உண்டு. பொதுமன்னிப்பு வரும், தேசிய தினத்துக்குப் பாதி குறைப்பார்கள் என்று காத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வந்தால் சந்தோஷம். ஆனால் கையில் இருக்கிற 35 சதவீதத்தை விட்டுவிட்டு, வருமா வராதா என்று தெரியாத 50க்குக் காத்திருப்பது கணக்குக்கு ஒத்து வராது.

யார் கட்டுவது? சட்டப்படி வண்டி என் பெயரில் இருக்கிறது, என் கணக்கு. நியாயப்படி ஓட்டினது அவர். ஆனால் முதல் ஒன்றுக்கு மேல் வந்த அத்தனையும் நான் நம்பர் மாற்றாததால் வந்ததுதானே? நான் பாதி கட்டுகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் ஓட்டினது தம்பி. நீங்க ஏன் கட்டணும்? ரெண்டு மாசம் டைம் குடுங்க, போதும்." அந்த மாதம்தான் அவர் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவர் எனக்குத் தர வேண்டிய இரண்டு தவணை, 1,500 திர்ஹாம், பாக்கி இருந்தது. அதை விட்டுவிடுகிறேன், மீதி 1,940ஐ அவர் கட்டட்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, ஆனா வண்டி என் பேருக்கு மாறணும்" என்றார். அதுதான் சரி. உண்மையில் அது முதல் நாளே நடந்திருக்க வேண்டியது.

ஏனென்றால் அன்று இரவு தூங்காமல் படுத்திருந்தபோது எனக்குப் பயம் வந்தது 4,250ஐ நினைத்து இல்லை. பதினோரு மாதம் அந்த வண்டி என் பெயரில் ரோட்டில் ஓடியிருக்கிறது. இன்சூரன்ஸ் என் பெயரில். யாரையாவது இடித்திருந்தால் போலீஸிடமிருந்து முதல் அழைப்பு எனக்குத்தான் வந்திருக்கும். முல்க்கியா முடிந்தது தெரியாமல் அவர் ஓட்டியிருந்தால் 500 திர்ஹாமும் 4 கரும்புள்ளியும். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே முடங்கும் ஊர் இது. நாளைக்கே எனக்கு வேலை போய் விசா ரத்து செய்து கிளம்ப வேண்டும் என்றால், அந்த வண்டியை என்ன செய்வேன்? அவரை நம்பினேன், சரி. ஆனால் நம்பிக்கை வேறு, பதிவு வேறு. நான் அவருக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் சிக்கலில் மாட்டிவிட்டிருந்தேன். வண்டி அவர் பெயரில் இருந்திருந்தால் முதல் மெசேஜ் அவருக்கே போயிருக்கும்.

பெயர் மாற்றம் ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. அபராதம் எல்லாம் கட்டியிருக்க வேண்டும். வண்டியின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அதை முடித்திருக்க வேண்டும். வாங்குகிறவர் தன் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். வண்டி பாஸிங் ஆக வேண்டும். இரண்டு பேரும் எமிரேட்ஸ் ஐடியோடு போக வேண்டும். நாங்கள் சனிக்கிழமை காலையில் போனோம். பின்பக்கப் பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை என்று முதலில் ஃபெயில். பக்கத்திலேயே பல்ப் மாற்றிக்கொண்டு வந்து மறுபடி காட்டி பாஸ். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. புது முல்க்கியாவில் தன் பெயரைப் பார்த்து அண்ணன் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். பதினெட்டு வருட கல்ஃப் வாழ்க்கையில் அவர் பெயரில் பதிவான முதல் பொருள் அது.

இது ஏதோ எமிரேட்ஸ் கதை என்று மற்ற நாட்டில் இருப்பவர்கள் விட்டுவிட வேண்டாம். குவைத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவர் போக்குவரத்து அபராதத்தைக் கட்டாமல் நாட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. கத்தாரிலும் 2024 செப்டம்பரிலிருந்து அதே நிலைதான். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நடுராத்திரி டிக்கெட் போட்டு ஓடும்போது, விமான நிலையத்தில் நின்று அபராதம் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். கையில் காசு இருந்தால் கட்டிவிட்டுப் போகலாம். அண்ணன் மாதிரி ஆளுக்கு மாதக் கடைசியில் 4,250 எங்கே இருக்கும்?

கனடாவில் வேறு விதம். ஒன்டாரியோவில் 2022ல் நம்பர் பிளேட் ஸ்டிக்கரை எடுத்துவிட்டார்கள், கட்டணமும் இல்லை. 2024 ஜூலையிலிருந்து பதிவு தானாகவே புதுப்பிக்கப்படும். ஆனால் அபராதமோ டோல் பாக்கியோ இருந்தால் தானாகப் புதுப்பிக்கப்படாது. ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா, "எல்லாம் ஆட்டோமேட்டிக்தானே" என்று இருந்துவிட்டார். அவர் மகள்தான் ஒரு நாள் சும்மா பார்க்கப் போய், பதிவு முடிந்து வாரக்கணக்காகிவிட்டது என்று கண்டுபிடித்தாள். வசதி கூடக் கூட, நினைவூட்டும் ஸ்டிக்கரும் கடிதமும் குறைந்துகொண்டே போகிறது. நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

போன் நம்பர் மாறினால் வங்கிக்கு அடுத்து மாற்ற வேண்டியது வண்டிப் பதிவிலும் டோல் கணக்கிலும். கம்பெனி சிம்மை ஒருபோதும் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் நம்பர் இல்லை.

மாதம் ஒரு நாள், சம்பளம் வந்த அன்றே, வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

"உங்களுக்கு அபராதம் இருக்கிறது, இந்த லிங்கில் கட்டவும்" என்று வரும் மெசேஜை நம்பாதீர்கள். போலி மெசேஜில் கார்டு நம்பரைக் கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். லிங்கைத் தொடாமல், அரசு செயலியை நீங்களே திறந்து பாருங்கள். அங்கே இருந்தால்தான் உண்மை.

தொகை பெரிதாக இருந்தால் ஒளியாதீர்கள். தவணையில் கட்டும் வசதி அபுதாபியிலும் துபாயிலும் உண்டு. நியாயமில்லாத அபராதம் என்றால் ஆட்சேபணை தெரிவிக்கவும் வழி உண்டு. கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸ் இங்கே 13 மாதத்துக்குப் போடுகிறார்கள், முல்க்கியா முடிந்தும் ஒரு மாதம் அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதம் அவசரத்துக்கு. அதையும் சேர்த்து 13 மாதமாகக் கணக்குப் போடாதீர்கள்.

வண்டியை விற்றால் அன்றே பெயரை மாற்றிவிடுங்கள். தவணை பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரைப் பிணையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இந்தச் செயலிகள் விளையாட்டு மாதிரி. உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ அப்படி இல்லை. ஆங்கிலமும் அரபியும் கலந்து வரும் அந்த மெசேஜ் அவர்களுக்கு இன்னொரு விளம்பரம்தான். மாதம் ஒரு முறை அவர்கள் வண்டி நம்பரை நீங்கள் போட்டுப் பாருங்கள். திட்டாமல் சொல்லுங்கள். திட்டினால் அடுத்த முறை காட்ட மாட்டார்கள்.

அண்ணன் போனில் செயலியை இறக்கி, எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. "தம்பி, இந்த மாசம் ஒண்ணும் இல்ல." போன மாதம் மட்டும் கொஞ்சம் இழுத்தார். "தம்பி... ஒண்ணு இருக்கு. அபுதாபில 300. பார்த்த அன்னிக்கே கட்டிட்டேன், 195தான் எடுத்துச்சு."

அதைக் கேட்டுக்கொண்டே நான் என் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒன்று இருந்தது.